சாரதிக்கும் ஒரு பாய்

விடுமுறை நெருங்குகின்றது என்றால் ஆசிரியர் அறையில் பரீட்சை விடைத்தாள்களைப் பற்றிய பேச்சுக் குறைந்து, பிரயாணத்தைப் பற்றிய பேச்சு மிகுவது வழக்கம். சென்ற கிழமை, எம்மிடம் முன்னர் கற்றவரும் இன்று இரு குழந்தைகளுக்குத் தந்தையுமான ஓர் இளைஞர் எம்மைத் தேடி வந்தார். "சேர், அம்மா அப்பாவோடு சேர்த்து எட்டுப் பேர் கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் போக நினைக்கிறோம். எந்த வாகனம் பிடிக்கலாம்? எங்கே தங்கலாம்?" என்று கேட்டார். எளிய வினாவாகத் தோன்றினும், இதற்கு நாம் விடையறிந்தது சற்றுக் கசப்பான அனுபவத்தின் மூலமேயாகும். அவருக்குக் கூறியதையே இவ்வாரம் எமது வாசகர் அனைவருக்கும் கூற விழைகின்றோம்.

நாற்புறமும் கடல் சூழ்ந்த சிறிய தீவு நம்முடையது. கடற்கரையும் பனிமலையும் ஒரே பிரயாணத்தில் காணக்கூடிய பேறு எல்லா நாட்டினர்க்கும் வாய்ப்பதன்று. எனினும் வடபகுதிப் பிள்ளைகளுக்கு மலைநாடு நெடுங்காலம் பாடநூலில் உள்ள படமாகவே இருந்தது. ஏ9 வீதி 2002 இல் திறக்கப்பட்டு, 2006 இல் மீண்டும் மூடப்பட்டு, போர் முடிந்த 2009 இன் பின்னரே நிலையாகத் திறந்தது. புகையிரதம் யாழ்ப்பாணம் வரை மீண்டும் வந்தது 2014 இல். ஆதலின், பேரப்பிள்ளைகளோடு தாமும் முதன்முறையாகத் தேயிலை மலையைக் காணும் பாட்டிமார் இன்றும் நம்மிடையே உளர். இத்தகைய பிரயாணம் ஒரு குடும்பத்துக்கு வாழ்நாளில் ஓரிரு முறையே கிட்டும். அதனைச் சிந்தித்துச் செய்தல் வேண்டும்.

காலமும் தூரமும்

வாகனத்தையும் விடுதியையும் தேடுமுன் பஞ்சாங்கத்தையும் தேசப்படத்தையும் விரித்துப் பார்த்தல் நன்று. பாடசாலை விடுமுறை ஏப்ரில், ஆகஸ்ட், டிசெம்பர் மாதங்களில் வருகின்றது. டிசெம்பரில் வாடைக் காற்றோடு மாரிமழை கிழக்கையும் வடக்கையும் நனைக்கும். அப்போது திருகோணமலைக் கடல் கொந்தளிக்கும். தென்மேற்குக் கரையோ அமைதியடையத் தொடங்கும். ஆகஸ்டில் சோளகம் வீசுகையில் நிலைமை மாறி, நிலாவெளியும் உப்புவெளியும் குளிப்பதற்கு ஏற்றனவாகும். அம்மாதத்தில் மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மழை எதிர்பார்க்கத் தக்கதே. ஏப்ரிலில் நுவரெலியாவில் வசந்த காலக் கொண்டாட்டம் நிகழ்வதால் அறை வாடகை பன்மடங்காகும். கண்டியில் எசலப் பெரகரா நடைபெறும் நாட்களிலும் அவ்வாறே. ஒரு கிழமை முந்தியோ பிந்தியோ போகக் கூடியவர்கள் அவ்விதம் போவதே பணத்துக்கும் மனத்துக்கும் நலம்.

மலைப்பாதை மழைக்கு அஞ்சுவது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலைநாட்டில் விளைத்த மண்சரிவுகளை நாம் அனைவரும் அறிவோம். ஆதலின் மழைக்காலத்தில், புறப்படுவதற்கு முதல்நாள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துக்கொள்வது கட்டாயம்.

இனித் தூரம். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வரை ஏ9 வீதியின் நீளம் ஏறக்குறைய 321 கிலோமீற்றர். கண்டியிலிருந்து நுவரெலியா மேலும் ஏறக்குறைய 77 கிலோமீற்றர். போக்கும் வரவும் சேர்த்தால் 800 கிலோமீற்றர் ஆயிற்று. ஊருக்குள் ஓடும் ஓட்டம் இதற்குப் புறம்பு. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டே வாகனக்காரரிடம் பேச வேண்டும்.

வாகனத் தெரிவு

வாடகை பெரும்பாலும் இருவகையாகப் பேசப்படுகின்றது. ஒன்று, கிலோமீற்றருக்கு இவ்வளவு என்பது. மற்றது, நாளொன்றுக்கு இவ்வளவு, அதற்குள் இத்தனை கிலோமீற்றர் அடக்கம், மேலதிக ஓட்டத்துக்கு வேறு கட்டணம் என்பது. நாள் வாடகை மலிவாகத் தோன்றும். நாளொன்றுக்கு 100 கிலோமீற்றர் அடக்கம் எனின் ஐந்து நாளுக்கு 500. நமது பயணமோ 800. எஞ்சிய 300 கிலோமீற்றருக்கும் மேலதிகக் கட்டணம் கொடுக்கும்போது, மலிவெனக் கருதியது மலிவன்றெனத் தெரியவரும். கணிதம் கற்கும் பிள்ளைகளிடம் இக்கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். பாடப் பயிற்சியுமாகும், பணமும் மிஞ்சும்.

மேலும் சில வினாக்களைக் கூசாது கேட்டல் வேண்டும். ஓட்டமானி வாகனக்காரரின் வீட்டுப் படலையிலிருந்து கணக்கிடப்படுமா, நம் வீட்டு வாசலிலிருந்தா? எரிபொருள் யாருடையது? சாரதியின் நாட்படியும் உணவும் வாடகையில் அடங்குமா? வழியில் வாகனம் பழுதுற்றால் மாற்று வாகனம் அனுப்பப்படுமா? முற்பணம் எவ்வளவு, பயணம் தடைப்பட்டால் அது மீளுமா? விடைகளை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டால் பின்னர் மனத்தாங்கலுக்கு இடமில்லை.

பத்திரங்களையும் காண வேண்டும். வரி அனுமதிப் பத்திரம் காலாவதியாகாதிருத்தல் வேண்டும். காப்புறுதி, வாடகைக்கு ஓடும் வாகனத்துக்கு உரியதாக இருத்தல் வேண்டும். சொந்தப் பாவனைக்கெனக் காப்புறுதி செய்யப்பட்ட வாகனத்தை நண்பர் ஒருவர் "குறைந்த விலைக்குத் தருகிறேன்" என்று தருவார். விபத்து நேர்ந்தால், வாடகைக்கு ஓடியது என்ற காரணத்தாலேயே நட்டஈடு மறுக்கப்படலாம். நண்பரின் நட்பும் அன்றோடு முடியும்.

வாகனத்தின் அளவு ஆட்களின் தொகையை மட்டும் பொறுத்ததன்று. எட்டுப் பேருக்கு எட்டு ஆசனம் எனக் கணக்கிட்டால் பெட்டிகளுக்கு இடமேது? 660 கன சென்ரிமீற்றர் இயந்திரமுள்ள சிறு வான்கள் ஊருக்குள் ஓடச் சிறந்தவை. அவற்றில் குடும்பம் முழுவதையும் ஏற்றிக்கொண்டு 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவுக்கு ஏறுவது, ஒற்றை மாட்டு வண்டியில் நெல்மூடைகளை அடுக்குவது போன்றது. ஓரளவு பெரிய இயந்திரமும், ஒவ்வோர் ஆசனத்துக்கும் பட்டியும், முதியோர் ஏறுவதற்குத் தாழ்ந்த படியும் உள்ள வான் வேண்டும்.

ஏறுவதைவிட இறங்குவதே வாகனத்துக்குச் சோதனை. கண்டி ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாக இறங்கும்போது 1,300 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தை வாகனம் இழக்கின்றது. அவ்வளவு சக்தியும் எங்கே போகும்? பிறேக்கை இடைவிடாது மிதித்தால் அது முழுதும் வெப்பமாக மாறிப் பிறேக்கிலேயே தங்கும். பிறேக் எண்ணெய் காலப்போக்கில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது; ஈரம் கலந்த எண்ணெய் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துக் குமிழியாகும். பின்னர் எவ்வளவு மிதித்தாலும் வாகனம் நில்லாது. தாழ்ந்த கியரில் இறங்கினால் இயந்திரமே வாகனத்தைப் பிடித்துவைத்துக் கொள்ளும். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரில் இறங்குக என்பது பழைய சாரதிமாரின் விதி. கருகிய மணம் வருமாயின் ஓரமாக நிறுத்தி ஆறவிடுதலே அறிவுடைமை. பிறேக் எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது, ரயர்கள் தேய்ந்துள்ளனவா, மேலதிகச் சில்லு உண்டா என்பவற்றை முற்பணம் கொடுக்குமுன் பகல் வெளிச்சத்திற் பார்த்துக்கொள்க.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் தாமே வாகனம் செலுத்த விரும்புவர். அவர்களுடைய நாட்டு அனுமதிப்பத்திரம் மட்டும் இங்கே போதாது. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திடம் தற்காலிக அனுமதிப்பத்திரம் பெறுதல் வேண்டும். கனடாவில் வலப்பக்கமாக ஓட்டிப் பழகிய கண்ணுக்கு நமது இடப்பக்க வீதியும் வளைவுகளும் உடனே இசையா என்பதையும் மரியாதையோடு எடுத்துரைக்கலாம். தாமே செலுத்துவோர், வாகனத்தைப் பொறுப்பேற்கும்போது அதிலுள்ள கீறல்களையும் நசிவுகளையும் உரிமையாளர் முன்னிலையிலேயே கைத்தொலைபேசியிற் படம் பிடித்து வைத்தல் நலம்.

விடுதித் தெரிவு

நமது தீவில் வழிப்போக்கர் தங்குமிடத்துக்குப் பழமையான மரபு உண்டு. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் உத்தியோகத்தரின் பிரயாணத்துக்கென வீதியோரங்களில் வாடிவீடுகள் அமைக்கப்பட்டன. இன்று பெரிய ஹோட்டல்கள், விருந்தினர் இல்லங்கள், வீட்டு மேல்மாடியில் இரு அறைகளை வாடகைக்கு விடுவோர் எனப் பல தரத்தினர் உளர். இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையிற் பதிவுபெற்ற இடமா என்று விசாரித்தல் முதற்படி.

படத்தைக் கண்டு மயங்கற்க. படத்தில் அருவி தெரியும். அவ்வீட்டுக்கு ஏறும் செங்குத்தான ஒற்றையடிப் பாதை தெரியாது. நேரே தொலைபேசியில் அழைத்து, வான் வாசல் வரை வருமா, நிலமாடியில் அறை உண்டா, முதியோருக்கு ஏற்ற கொமோட் உண்டா, சுடுநீர் எந்நேரமும் வருமா என்று கேளுங்கள். நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் உறைபனி விழும் இரவுகளும் உண்டு. யாழ்ப்பாணத்து வெயிலில் உலர்ந்த உடம்புக்கு ஒரு போர்வை போதாது. சைவ உணவு வேண்டுவோர் அதனை முன்னரே கூறுதல் வேண்டும். சமைத்துண்ணச் சமையலறை தரும் வீடுகளும் உண்டு; சிறு பிள்ளைகள் உள்ளோர்க்கு அவை மிகப் பொருந்தும்.

விலையைக் கேட்கும்போது, "எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேட்பது ஒன்றே சரியான முறை. 2024 ஜனவரியில் 18 வீதமான பெறுமதி சேர் வரியும், வழக்கமான 10 வீதச் சேவைக் கட்டணமும் சேர்ந்தால், சொன்ன விலைக்கும் கொடுக்கும் விலைக்கும் இடையே மலையும் மடுவும் போன்ற வேறுபாடு தோன்றும்.

இவை யாவும் எவரும் கூறக்கூடியன. இவ்வளவையும் நாமும் அறிந்தே இருந்தோம். ஆயினும் ஒரு வினாவைக் கேட்க மறந்தோம்.

நாம் மறந்த வினா

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்ட் விடுமுறையில் நாமும் எமது குடும்பத்தினரும், கனடாவிலிருந்து வந்திருந்த மைத்துனர் குடும்பமும் இதே பாதையிற் சென்றோம். எழுபது வயதைக் கடந்த எமது தாயாரும் உடன் வந்தார். இரு வான்களை விசாரித்து, விலை குறைந்ததைத் தெரிந்தோம். வண்டி நல்ல வண்டி. சாரதி இருபத்தாறு வயது மதிக்கத்தக்க பண்பான இளைஞர். அதிகாலை மூன்று மணிக்குப் புறப்பட்டோம்.

முதல் இரவு கண்டியில். இரண்டாம் இரவும் மூன்றாம் இரவும் நுவரெலியாவில். விடுதியில் எமக்கு மூன்று அறைகள் இருந்தன. சாரதிக்கு இடமில்லை என்றார்கள். "பரவாயில்லை சேர், நான் வானுக்குள்ளேயே படுப்பேன்" என்றார் அவர். நாமும் அதனை வழக்கமென எண்ணி ஏற்றுக்கொண்டோம். விலை குறைந்தது எவ்வாறு என்பதையும் நினைத்துப் பார்த்தோமில்லை.

மூன்றாம் நாட் காலை, எமது தாயார் தேநீர்க் கிண்ணத்தைக் கையில் வைத்தபடி, "அந்தப் பிள்ளை ராத்திரி எங்கை படுத்தவன்?" என்று கேட்டார்.

"வானுக்குள்ளைதான், அம்மா."

"இந்தக் குளிருக்கையோ?"

எமக்கு மறுமொழி வரவில்லை. தாயார் தமது கம்பளிப் போர்வையை மடித்து எம்மிடம் தந்தார். அன்றிரவு அதனைக் கொண்டுபோய்க் கொடுத்ததோடு எமது கடமை முடிந்தது என்று கருதினோம்.

நான்காம் நாள் பிற்பகல் திரும்பினோம். மதிய உணவின் பின் எல்லோரும் உறங்கிவிட்டனர். இறம்பொடை ஆஞ்சநேயர் கோயிலைக் கடந்து சிறிது தூரம் இறங்கியிருப்போம். வான் மெல்ல இடப்பக்கமாக ஒதுங்குவதை நாம் உணர்ந்தோம். வளைவுக்காக ஒதுங்குகிறார் என எண்ணினோம். மறுகணம் சில்லு கானுக்குள் இறங்கி, வான் மலைச்சுவரின் மண்ணில் உராய்ந்து நின்றது. இடப்பக்கம் மலை, வலப்பக்கம் பள்ளத்தாக்கு. அவ்வளவே எமக்கும் அழிவுக்கும் இடையில் இருந்த வேறுபாடு. பிள்ளைகள் அலறினர். எவருக்கும் பெருங்காயமில்லை.

சாரதி இறங்கி வீதியோரத்தில் அமர்ந்து இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். நாம் சினத்தோடே அருகிற் சென்றோம். "சேர், மன்னியுங்கோ. உங்களை ஏத்தமுந்தின ராவும் கொழும்பு ஓட்டம். அதுக்குப் பிறகு ஒழுங்கா நித்திரையே இல்லை" என்றார். எமது சினம் வந்த வழியே திரும்பிற்று. நான்கு இரவாக ஒழுங்காக உறங்காத ஒருவரின் கையில் ஒன்பது உயிர்களை ஒப்படைத்தவர்கள் நாமே.

அப்போது எமது தாயார் கூறியது இன்றும் செவியில் ஒலிக்கின்றது. "அவன்ரை நித்திரையிலைதானே எங்கடை எல்லாற்றை உயிரும் இருந்தது. நீங்கள் வாகனத்தைப் பாத்தியள், ரயரைப் பாத்தியள், அவனைப் பாக்கேல்லை."

அன்று மேற்கொண்டு செல்லவில்லை. அண்மையில் இருந்த ஒரு சிறு விடுதியில் அறைகள் எடுத்தோம். முதல் அறை சாரதிக்கு. அவர் அன்று மாலை ஐந்து மணிக்குப் படுத்து மறுநாட் காலை ஏழு மணிக்கு எழுந்தார். பின்னர் யாழ்ப்பாணம் வரை அவர் ஓட்டிய ஓட்டத்தில் ஒரு குறையும் எவரும் காணவில்லை.

உறக்கம் என்னும் எரிபொருள்

இது எமது குடும்பத்துக்கு மட்டும் உரிய கதையன்று. 2025 மே மாதம் 11 ஆந் திகதி அதிகாலையில் கொத்மலைப் பகுதியில் பேருந்து ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியில் உல்லாசப் பிரயாணம் சென்றோரின் பேருந்து வீழ்ந்து மேலும் பல உயிர்கள் போயின. ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் வேறு. ஆயினும் நமது மலைவீதி ஒரு கணத் தவறையும் பொறுப்பதன்று என்பதை அவை யாவும் உரைக்கின்றன.

பதினேழு மணித்தியாலம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயலாற்றல், அளவோடு மது அருந்தியவரின் நிலைக்குத் தாழ்ந்துவிடும் என 1997 இல் அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் அளந்து காட்டினர். மது அருந்திய சாரதியின் வண்டியில் நாம் ஏறுவோமா? உறங்காத சாரதியின் வண்டியிலோ மகிழ்ச்சியோடு ஏறுகின்றோம். உடல் இயல்பாகவே தளரும் நேரங்கள் இரண்டு: அதிகாலை இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை, பிற்பகல் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை. "இரவோடிரவாகப் போனால் ஒரு நாள் மிஞ்சும்" என்று நாம் போடும் கணக்கு, இந்த முதல் நேரத்திலேயே சாரதியை வீதியில் நிறுத்துகின்றது.

ஆதலின் வாகனம் பேசும்போது, "சாரதி முதல்நாள் எங்கே ஓடினார்?" என்று கேளுங்கள். விடுதி பேசும்போது, "சாரதிக்குக் கட்டிலும் நுளம்புவலையும் குளிக்க இடமும் உண்டா?" என்று கேளுங்கள். இல்லையென்றால் வேறு விடுதி தேடுங்கள். அன்றேல் அவருக்கும் ஓர் அறை எடுங்கள். அவ்வறையின் வாடகையையும் சேர்த்தே விடுதிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். நாம் பின்னர் கணக்கிட்டபோது, அது எமது பிரயாணச் செலவில் மிகச் சிறிய பங்காகவே இருந்தது. உணவு வேளையில் அவரையும் அழைத்து உண்ணச் செய்யுங்கள். பிற்பகலில் அரைமணி நேரம் அவர் கண்மூட இடங்கொடுங்கள். முன்னாசனத்தில் அமர்பவர் உறங்காது அவரோடு பேசிக்கொண்டிருக்கட்டும்.

பருத்தித்துறையில் தெருமூடிமடம் என்றொன்று உண்டு. வீதியே அதனூடாகச் செல்ல, இருமருங்கும் வழிப்போக்கர் இளைப்பாறும் திண்ணைகள். யாழ்ப்பாணத்துப் பழைய மடங்களைக் கண்டவர்கள், அருகே ஒரு கேணியும், சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கியும், மாடுகள் உடம்பை உராய்ந்துகொள்ள ஆவுரஞ்சிக்கல்லும் இருக்கக் கண்டிருப்பர். வண்டியிற் சென்றவனுக்குத் திண்ணை அமைத்த நம் முன்னோர், வண்டியை இழுத்த மாட்டையும் மறந்தாரல்லர். நாமோ மூன்று அறைகளுக்குப் பணம் கொடுத்துவிட்டு, வண்டியை ஓட்டிய மனிதனை வெளியிலே விட்டோம்.

எம்மைத் தேடி வந்த இளைஞருக்கு இவ்வளவும் கூறினோம். அவர் சிறிது நேரம் மௌனமாக இருந்து, "அப்படியென்றால் ஒன்பது பேருக்கு இடம் பார்க்க வேணும், சேர்" என்றார். ஆம், எட்டுப் பேர் அல்லர், ஒன்பது பேர். அந்த எண்ணிக்கையைச் சரியாகத் தொடங்குவோரின் பிரயாணம் இனிதாக முடியும் என்பது எமது நம்பிக்கை. விடுமுறை அனைவர்க்கும் நலந்தருவதாகுக.